அரக்கை அரக்காகக் காட்டும் விளக்கு

சென்ற வருடம் ஒரு கல்யாணச் சட்டையின் கழுத்தை நான் இரண்டு தடவை தைக்க வேண்டி வந்தது. வெள்ளவத்தையில் இருபத்திரண்டு வருடங்களாகச் சேலைச் சட்டை தைக்கிறேன். கூறைச்சேலையோடு வந்த துணி போதாததால் கழுத்துப் பட்டிக்கு மட்டும் வேறு அரக்குத் துணி எடுத்தேன். இரவு ஒன்பது மணி. தையல் அறையின் வெள்ளை வெளிச்சத்தில் இரண்டு துணிகளையும் ஒட்டி வைத்து, கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தேன். ஒரே நிறம். நிம்மதியாகத் தைத்து, ஊசிவேலையும் முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் மணமகளின் தாய் வந்தார். சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பல்கனிக்குப் போனார். "தங்கச்சி, கழுத்து மண்ணிறமாகத் தெரிகிறதே" என்றார். நானும் போய்ப் பார்த்தேன். கைகள் நல்ல அரக்கு, கழுத்து மட்டும் மண்ணிறம். அவர் கோபப்படவில்லை, கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. ஆனால் அந்தப் பட்டியைப் பிரித்தெடுத்த இரண்டு மணி நேரமும், என் கண் போய்விட்டதோ என்ற பயம் என்னைவிட்டு அகலவில்லை. தையற்காரிக்குக் கண்ணைவிட வேறென்ன முதல் இருக்கிறது?

கண் வைத்தியரிடம் காட்டினேன். கண்ணில் குறையில்லை, கண்ணாடியும் சரி என்றார். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் என் மகள்தான் காரணத்தைச் சொன்னாள். "அம்மா, இந்த எல்.ஈ.டி. பல்புக்குள்ளே இருப்பது நீல வெளிச்சம். அதன்மேல் மஞ்சள் பூச்சு ஒன்று பூசி வெள்ளையாக்கியிருக்கிறார்கள். சிவப்பு அதில் குறைவு. இல்லாத நிறத்தைத் துணி எப்படித் திருப்பிக் காட்டும்?" நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்த, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்த கதையையும் சொன்னாள். அந்தக் கண்டுபிடிப்பால்தான் இன்று மின்சாரக் கட்டணத்தை எங்களால் தாங்க முடிகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிவப்பைப் பார்த்துப் பிழைக்கிறவளுக்குச் சிவப்பு வேண்டும்.

பிறகு இருவரும் சேர்ந்து தேடிப் படித்தோம். மின்குமிழ்ப் பெட்டியில் வாட், லூமென், கெல்வின் என்று மூன்று எண்கள் பெரிதாக இருக்கும். வாட் என்பது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்ற கணக்கு. லூமென் என்பது எவ்வளவு வெளிச்சம் தரும் என்ற கணக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.ஈ.டி. தந்துவிடும், ஏறத்தாழ 800 லூமென். கெல்வின் வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும்: 2700, 3000 என்றால் மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 நீலம் ஓடிய வெள்ளை. நான்காவதாக ஓர் எண் உண்டு. சி.ஆர்.ஐ. என்பார்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் மதிப்பெண். நூறுக்கு 80 என்பது சந்தையில் சாதாரணம். பல பெட்டிகளில் இந்த எண்ணே இருக்காது.

இதில் என்னைத் திடுக்கிட வைத்த விடயம் ஒன்று இருக்கிறது. அந்த மதிப்பெண்ணை எட்டு வெளிர் நிறங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கடும் சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஒன்பதாவதாக, ஆர்9 என்று தனியாக நிற்கிறது. அதனால் 80 மதிப்பெண் வாங்கிய மின்குமிழ் கடும் சிவப்பில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். கூறைச்சேலை, குங்குமம், மீனின் செவுள் எல்லாம் அந்தப் பூச்சியத்தின் கீழே கிடக்கின்றன.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, பழைய பட்டித் துணியில் ஒரு துண்டும் கூறைத் துணியில் ஒரு துண்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு விளக்கு வாங்கப் புறப்பட்டேன். எங்கள் பக்கத்திலேயே பெரிய கண்ணாடிக் கடை ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். சி.ஆர்.ஐ. எவ்வளவு என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்ல பிரகாசம் மேடம்" என்று பதில் வந்தது. ஒன்றை எரித்துக் காட்டச் சொன்னேன், பெட்டியைப் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். துணித் துண்டுகள் கைப்பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

சனிக்கிழமை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். மின்சாரச் சாமான் என்றால் முதலாம் குறுக்குத் தெரு, அது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். நான் போன கடை பத்தடி அகலம்கூட இருக்காது. தன் பெயரையோ கடையின் பெயரையோ போட வேண்டாம் என்று கடைக்கார நானா கேட்டுக்கொண்டார், சரியென்று சொல்லிவிட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். நான் வாயைத் திறந்து, "நானா, சி.ஆர்.ஐ. தொண்ணூறு..." என்று தொடங்கியதும் மேசைக்குக் கீழிருந்து ஒரு பலகையை எடுத்து வைத்தார்.

அந்தப் பலகைக்காகவே இதை எழுதுகிறேன். பழைய மரப்பலகை. அதில் ஆறு ஹோல்டர்கள், மூன்று பின் வகை (அழுத்தித் திருப்பி மாட்டுவது), மூன்று மரை வகை (சுற்றி இறுக்குவது). ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச். ஹோல்டர்களுக்கு இடையில் காட்போட் தடுப்புகள், ஒன்றின் வெளிச்சம் மற்றதில் கலக்காமல். ஒவ்வொரு தடுப்பின் கீழும் வெள்ளைத் தாள் விரித்திருந்தது. மூன்று மின்குமிழ்களை மாட்டி எரித்துவிட்டு, "துணி கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார். நான் கொண்டுவந்திருந்ததைக் கண்டு அவருக்கு வந்த சந்தோஷம்! "பேருவளையிலிருந்து வருகிற மாணிக்கக்கல் வியாபாரிகள்தான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பல்ப் பார்ப்பார்கள் தங்கச்சி. துணியோடு வந்தது நீங்கள்தான்" என்றார்.

முதல் தடுப்பில் 'டே லைட்' என்று அச்சடித்த 6500 கெல்வின். இரண்டு துண்டுகளும் ஒன்றுபோலவே, உயிரில்லாத கறுத்த சிவப்பாகக் கிடந்தன. என் வீட்டில் என்னை ஏமாற்றிய அதே காட்சி. இரண்டாவதில் 3000 கெல்வின், சி.ஆர்.ஐ. 80. இரண்டும் செங்கல் பக்கம் சாய்ந்தன, இன்னும் ஒன்றுபோலவே இருந்தன. மூன்றாவதில் 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேல். அங்கே கொண்டுபோய் வைத்ததும் கூறைத் துணி எழுந்து நின்றது. அடியில் இருக்கும் நாவல் சாயலும் அதற்குமேல் ஓடும் இரத்தச் சிவப்பும் தெரிந்தன. பட்டித் துணி அதன் பக்கத்தில் மண்ணிறமாக வாடிக் கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். நாட்டாமிமார் வண்டி தள்ளிக்கொண்டு போகிற நடுவில், காலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் தடுப்பில் கண்டதுதான் வெயிலிலும் தெரிந்தது. அப்படியே இரண்டாம் குறுக்குத் தெருவரை நடந்து, சிவப்புப் பள்ளிவாசலின் சுவருக்கு எதிரே நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கடைக்குத் திரும்பினேன். அந்தச் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வருகிற கட்டடத்தைப் பார்த்தால் எப்போதும் எனக்கு நிறத்தில் நம்பிக்கை வந்துவிடும்.

விலை வித்தியாசம் பெரிது. அன்று சாதாரண 9 வாட் 450 ரூபாய், தொண்ணூறு சி.ஆர்.ஐ. 1,350 ரூபாய். எல்லா அறைக்கும் அதையே வாங்கிவிடலாமா என்று கேட்டேன். நானா வேண்டாம் என்றார். "நிறம் பார்க்கிற இடத்துக்கு மட்டும் வாங்குங்கள். படிக்கட்டுக்கும் களஞ்சிய அறைக்கும் எதற்கு?" கூடுதலாக விற்க வாய்ப்பிருந்தும் அதைத் தடுத்த ஒரு வியாபாரியைக் கண்டால் அடுத்த முறையும் அவரிடமே போகத் தோன்றும். தொண்ணூறு வகையில் ஐந்து, சாதாரண வகையில் ஆறு என்று பதினொன்றை வாங்கினேன். ஒவ்வொன்றின் அடியிலும் தேதியைப் பேனையால் எழுதிக் கொடுத்தார், இரண்டு வருட உத்தரவாதத்துக்கு. இப்போது எட்டு மாதங்களாகின்றன.

தையல் அறையில் முதலில் மாற்றியது பல்பை, அடுத்து மாற்றியது இடத்தை. என் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு டியூப் லைட் இருந்தது. இத்தனை வருடங்களாக என் தலையின் நிழலில்தான் நான் தைத்துக்கொண்டிருந்தேன் என்பது, அதை அணைத்துவிட்டு இடது முன்பக்கத்தில் ஒரு கழுத்து வளையும் மேசை விளக்கை வைத்தபோதுதான் உறைத்தது. நான் வலக்கைக்காரி. இடப்பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் கையின் நிழல் வேலையில் விழாமல் அப்பால் போய்விடும். விளக்கின் வாய் கண்ணைப் பார்க்காமல் தையல் இயந்திரத்தின் தகட்டைப் பார்க்க வேண்டும், உயரம் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். ஊசியின் காதில் நூல் நுழையும் அந்த இடம் இப்போது துல்லியமாகத் தெரிகிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது மட்டும் கூரையில் உள்ள இரண்டு மின்குமிழ்களையும் சேர்த்துப் போடுகிறேன். கறுப்பு விழுங்குகிற வெளிச்சத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

குசினியிலும் இதே நிழல் கதைதான். கூரையின் நடுவில் ஒற்றை விளக்கு, நான் சுவரைப் பார்த்து நின்று வெட்டுகிறேன், வெங்காயத்தின்மேல் என் நிழல். மேல் அலுமாரியின் அடியில், முன்பக்க விளிம்பை ஒட்டி ஒரு எல்.ஈ.டி. பட்டியை வயரிங் செய்யும் தம்பி பொருத்திக் கொடுத்தார். பின்சுவரை ஒட்டிப் பொருத்தத்தான் அவர் தொடங்கினார். அப்படிச் செய்தால் சுவர்தான் வெளிச்சமாகும், வெட்டும் பலகை அரையிருளில் நிற்கும் என்று சொல்லி மாற்றினேன். பட்டியை வெறுமனே ஒட்டாமல் அலுமினியச் சட்டத்துக்குள் வைத்து மூடி போட்டால் தாளிப்பின் எண்ணெய்ப் படலத்தைத் துணியால் துடைத்துவிடலாம், பட்டியின் சூடும் சட்டத்துக்கு இறங்கிவிடும். குசினியின் கூரைக்குத் தொண்ணூறு வகை ஒன்று போட்டேன். செலவு அதிகம் என்று அம்மா சொன்னார். அந்தி நேரத்தில் வாங்கி வந்த பாரை மீனின் செவுளைத் திறந்து காட்டினேன். பழைய வெளிச்சத்தில் எந்த மீனின் செவுளும் பழைய மீனின் செவுள் மாதிரித்தான் இருக்கும். இதில் அன்றைய மீன் அன்றைய மீனாகத் தெரிந்தது. அம்மா அதற்குப் பிறகு விலையைப் பற்றிப் பேசவில்லை.

அம்மாவின் அறையை நான் அதிகம் யோசித்துச் செய்தேன். எண்பத்தொரு வயது. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே சேரும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். எண்பதில் அது இன்னும் குறையும். எனவே அவருக்கு வெளிச்சம் கூட வேண்டும், ஆனால் கண் கூசக்கூடாது. நேரே பார்க்கக்கூடிய பல்பு ஒன்றுகூட அந்த அறையில் இல்லை. கதிரைக்குப் பின்னால், தோளுக்கு மேலே, பால்நிற மூடியோடு ஒன்று. காலையில் வீரகேசரியின் மரண அறிவித்தல் பக்கத்தை அவர் இப்போது தானே வாசிக்கிறார். முன்பு என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார், ஊர்ப் பெயர் வந்ததும், "திரும்பச் சொல்லு பிள்ளை" என்பார்.

கட்டிலிலிருந்து குளியலறைக்கு எட்டடி. அதில் இரண்டங்குல உயரத்தில் ஒரு நிலைப்படி. முழங்காலுக்குக் கீழே, சுவரில், ஒரு வாட்டுக்கும் குறைந்த மஞ்சள் விளக்கு ஒன்றை வைத்தேன், இரவு முழுக்க எரியும். பெரிய விளக்கைப் போட்டால் தூக்கம் கலைந்துவிடும், திரும்பி வரும்போது கண் இருட்டுக்குப் பழக நேரமாகும், விழுவது அப்போதுதான். இந்தச் சிறு விளக்கு 300 ரூபாய். பதினொரு மின்குமிழ்களைவிடவும் எனக்கு இது பெரிதாகத் தோன்றுகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வேறெதையும் மாற்றாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

மகளின் படிப்பு மேசை விளக்கு முன்பே இருந்தது. அதைக் கைத்தொலைபேசிக் கமராவில் பார்த்தாள், திரையில் கறுப்புக் கோடுகள் ஓடின. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான விளக்கு விநாடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தலைவலியாகத் தெரியும் சிலருக்கு. புதியதை வாங்குமுன் கடையிலேயே கமராவால் பார்த்தோம். கோடில்லாத ஒன்று கிடைத்தது.

ஹோலில் நாங்கள் மூவரும் ஒத்துப்போகவில்லை. 3000 கெல்வின் எனக்குப் பிடித்தது, மகளுக்கு அது தூக்கம் வரும் வெளிச்சம். நடுக்கூரை ஒன்றை அவளுக்காக 4000இல் விட்டு, மூலையில் நிலவிளக்கு இரண்டை மஞ்சளாக்கினேன். மாலையில் மூலை விளக்குகளை மட்டும் போட்டால் வீடு வீடாகிறது. சாமித்தட்டில் எதையும் மாற்றவில்லை. கொழும்பில் வருடம் முழுவதும் பொழுது சாய்வது ஏறத்தாழ 5.45க்கும் 6.30க்கும் இடைப்பட்ட நேரத்தில்தான். அந்த நேரத்தில் தேங்காயெண்ணெய்த் திரியை ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் ஹோல் விளக்கைப் போடாமல் இருப்போம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பதினொன்றில் ஒன்று ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. குளியலறையில், முற்றாக மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் போட்டிருந்தேன். எல்.ஈ.டி. தன் சூட்டிலேயே வேகும், மூடிய கூட்டுக்குள் அதன் உள்சுற்று சீக்கிரம் போய்விடும். நானா அடியிலிருந்த தேதியைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் புதியது தந்தார். நீர் தெறிப்பதைத் தாங்கும் ஐ.பி.44 கூடு ஒன்றையும், மூடிய கூட்டுக்கென்று பெட்டியிலேயே குறித்திருந்த மின்குமிழையும் எடுத்துத் தந்தார். முதல் நாளே எந்த அறைக்கு எந்தக் கூடு என்று கேட்டிருக்கலாம் என்றேன், ஒத்துக்கொண்டார். வெளிச்சக் குறைப்பானோடு இந்த வகை சரிவராது, மெல்ல இரைகிறது. பல்கனியின் இரும்புக் கூடு உப்புக் காற்றில் எட்டு மாதத்திலேயே துருப்பிடித்துவிட்டது. மெரைன் டிரைவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ பாருங்கள், ஆணியும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

பற்றரி வைத்த மின்குமிழ் ஒன்றும் வாங்கினேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்ததை அனுபவித்த எந்த வீடும் அது இல்லாமல் இருக்காது. வழிபார்க்கப் போதும், தைக்கப் போதாது. சிவப்பு அதில் சிவப்பாக இல்லை.

மின்சாரச் செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 9 வாட் மின்குமிழ் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். இதில் வெளிச்சத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் தண்ணீர் சுடவைக்கும் கருவியைப் பாருங்கள்.

முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர்கள் அந்தப் பலகையில் சோதித்துப் பார்க்க விரும்பினால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னர் போங்கள். பிறகு கூட்டம் நெருங்கிவிடும், நானாவுக்குப் பலகையை விரிக்க மேசையில் இடமிருக்காது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடை மூடியிருக்கும். வாகனத்தில் போக வேண்டாம், நிறுத்த இடமில்லை. வீட்டில் இருப்பது பின் வகையா மரை வகையா என்று பழைய பல்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள். முக்கியமாக, உங்களுக்கு நிறம் நன்றாகத் தெரிந்த ஒரு துணித்துண்டைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், சிவப்பென்றால் நல்லது.